பால் உறையவில்லையா? மாட்டைக் கேளுங்கள்!

பால் உறையவில்லை என்றால் எங்கள் ஊரில் முதல் பழி உறைமோருக்கு. அடுத்த பழி வீட்டு மருமகளுக்கு. ‘கைராசி இல்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். 3 மாடுகளை வைத்துக்கொண்டு 18 வருடமாகத் தயிரும் மோரும் விற்றுப் பிழைக்கிறவள் நான். கையில் ஒரு ராசியும் இல்லை, எல்லாம் கிருமிகளின் வேலை என்பதுதான் என் அனுபவம்.

கிருமி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நாம் ஊற்றும் ஒரு கரண்டி உறைமோரில் கோடிக்கணக்கான லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலில் உள்ள கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று பிணைந்து, தண்ணீரையும் கொழுப்பையும் தனக்குள் பிடித்துக்கொள்கிறது. அதுதான் தயிர். பால் கொதிக்கக் கொதிக்க இருந்தால் அவை செத்துவிடும். சில்லென்று இருந்தால் சோம்பிவிடும். விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றச் சொல்வதும், மார்கழியில் பானையைச் சாக்கில் சுற்றி வைப்பதும் இதனால்தான்.

கடையில் ‘யோகர்ட்’ என்று விற்பதை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் என்ற இரண்டு வகைக் கிருமிகள் சேர்ந்து உறைய வைக்கின்றன. இரண்டாவதன் பெயரில் இருப்பது பல்கேரியா நாடு. 1905-ம் ஆண்டு ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மருத்துவ மாணவர், தன் நாட்டுத் தயிரில் அதைக் கண்டறிந்தார். நம் வீட்டுத் தயிரில் பல வகைக் கிருமிகள் கலந்து இருக்கும். அதனால்தான் வீட்டுக்கு வீடு ருசி மாறுகிறது.

பால் குடித்தால் வயிறு உப்பும் என்பவர்கள் பலர் தயிரைச் சங்கடமில்லாமல் சாப்பிடுகிறார்கள். பால் சர்க்கரையில் ஒரு பங்கைக் கிருமிகள் முன்பே தின்றுவிடுகின்றன; மீதி செரிக்கவும் உதவுகின்றன. மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்தால் அந்தக் கிருமிகள் செத்துவிடும். ஆனால் புரதமும் கால்சியமும் அப்படியே இருக்கும். தயிர் நல்ல உணவு. எல்லா நோயையும் தீர்க்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

போன ஐப்பசியில், பக்கத்து வீட்டுச் சின்னம்மா கிண்ணத்தோடு வந்தார். “மூணு நாளா பால் உறையவே மாட்டேங்குது. உன் வீட்டு மோர் கொஞ்சம் குடு.” கொடுத்தேன். மறுநாளும் அவர் வீட்டில் பால் பாலாகவே இருந்தது. அதே மோரில் என் வீட்டில் கட்டித் தயிர்.

“மாட்டுக்கு ஏதாவது மருந்து போட்டீங்களா சின்னம்மா?” என்று கேட்டேன். மடிநோய் வந்து, டாக்டர் ஒரு காம்பில் மருந்து ஏற்றியிருந்தார். அந்தக் காம்புப் பாலைக் கீழே விட்டுவிட்டு, மற்ற மூன்று காம்புப் பாலை வீட்டுக்கும் விற்பனைக்கும் எடுத்திருக்கிறார். மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் வரும். நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்துக்கு, தயிர்க்கிருமி வேறு என்று தெரியாது. பாலைக் காய்ச்சினாலும் அது முழுதாகப் போகாது.

“பத்து லிட்டர் கறக்குற மாடு. அஞ்சு நாள் கொட்டினா அம்பது லிட்டர் போச்சு. குழுக்கடன் தவணைக்கு நான் எங்க போறது?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் பால் ஊற்றும் வீடுகளில் ஒன்றில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாலில் வரும் மருந்தும் ஆபத்தாகலாம். கொஞ்சம் கொஞ்சமாக மருந்து உள்ளே போனால், நோய்க்கிருமிகள் அதற்குப் பழகிவிடும். நாளைக்கு அதே மருந்து நமக்கு வேலை செய்யாது. இதைச் சொன்னதும் பேசாமல் இருந்தார். அன்று சாயங்காலப் பாலைக் குழியில் ஊற்றினார். தவணையை இரண்டு வாரம் தள்ளிக் கட்டினார்.

அந்த 50 லிட்டர் நஷ்டத்தைத் தவிர்க்க ஒரே வழி, மடிநோய் வராமல் பார்ப்பதுதான். கறக்கும் முன் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கறந்து முடித்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் நனையுங்கள். காம்புத் துளை மூடச் சற்று நேரம் ஆகும். அதுவரை மாடு படுக்காமல் இருக்கத் தீவனம் போடுங்கள். நோய் கண்ட மாட்டைக் கடைசியாகக் கறவுங்கள்.

மருந்து போட்டால், எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள். நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். கன்றுக்கும் கொடுக்க வேண்டாம். வேறு மாட்டுப் பால் கொடுங்கள்.

நாள் முடிந்த பிறகும், நான் அந்த மாட்டுப் பாலில் ஒரு டம்ளரைத் தனியாகக் காய்ச்சி உறை ஊற்றிப் பார்க்கிறேன். உறையவில்லை என்றால் விற்பதில்லை. ஆனால் உறைந்துவிட்டது என்பதற்காக நாளைக் குறைத்துக்கொள்வதும் இல்லை. சில மருந்துகள் தயிர்க்கிருமியிடம் அகப்படாமல் தப்பிவிடும். டாக்டர் சொன்ன நாள்தான் கணக்கு.