பாட்டியும் ஆலிவ் எண்ணெயும்

அரக்கோணம் ரயிலில் ஆவடியைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் திருநின்றவூர். பக்தவத்ஸலப் பெருமாள் கோயிலில் தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்று திருநாமம். தாயில்லாத நம்மையும் தம்பியையும் வளர்த்த பாட்டி இருப்பதும் அவ்வூரில்தான்.

சென்ற மாசியில் போயிருந்தபோது, ஸ்பெயினில் உத்தியோகம் பார்க்கும் தம்பி அனுப்பிய ஆலிவ் எண்ணெயை மிளகாய்ப் பொடியில் குழைத்து இட்லிக்குத் தொட்டுக்கொண்டோம். ஒரே கசப்பு! தொண்டையும் கமறிற்று. "கெட்டுப்போன சரக்கு, கொட்டிவிடலாம்" என்றோம்.

"பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளை ஒரே கேள்வியில் தள்ளிவிடுவாயோ? உட்கார்; இன்னொரு இட்லி போடுகிறேன்" என்றாள் பாட்டி.

உட்கார்ந்தோம். நல்லெண்ணெய் விதையை ஆட்டி எடுப்பது. இதுவோ பழத்தை அரைத்துப் பிழிவது. புதிய எண்ணெயானால் கசப்பும் கமறலும் அதன் குணமே என்று பிற்பாடு படித்தறிந்தோம். மூன்று வருஷமாக ஊர்ப்பக்கமே வராத தம்பிமேல் நமக்கிருந்த கோபத்துக்கும் அந்தக் கசப்பில் பங்குண்டோ, என்னவோ!

மாலையில் இருதயாலீசுவரரைத் தரிசித்தோம். பொருளில்லாமையால் மனத்திலேயே கோயில் எழுப்பிய பூசலார் ஊரல்லவா? வீடு திரும்பியதும் பாட்டி தொலைபேசியை நம் கையில் கொடுத்தாள்.

"எண்ணெய் நன்றாயிருந்ததென்று தம்பிக்குச் சொல்லு."

"இன்னும் கொஞ்சம் கசக்கிறதே, பாட்டி!"

"அதையும் சொல்லு."