ஏழரை மணித் தெரு

ஏழரை என்ற எண்ணைக் கேட்டமாத்திரத்தில் நம்மவர்க்குச் சனியன் நினைவு வராமற் போகாது. சோதிடத்தை நம்பாத எனக்கும், என் தம்பி தன் கூடாரத்தின் விலாசம் ஏழரை மணித் தெரு என்று எழுதியபோது நெஞ்சில் சிறிது உறுத்தவே செய்தது. பழக்கவாசனை அவ்வளவு இலேசில் விடுமா?

அமெரிக்க தேசத்தில் நெவாடா மாகாணத்திலுள்ள பிளாக் ராக் பாலைவனத்தில் இருப்பது அவ்விலாசம். 1986-ஆம் ஆண்டில் லாரி ஹார்வி, ஜெர்ரி ஜேம்ஸ் என்னும் நண்பர் இருவர், சான்பிரான்சிஸ்கோ கடற்கரையில் மரத்தால் மனித உருவொன்று செய்து கொளுத்தினர். 1990-இல் அது இப்பாலைக்கு மாறி, ‘பர்னிங் மேன்’ என்னும் கலைவிழாவாக வளர்ந்தது. கோடை முடிவில் கடிகார முகம்போல் ஒரு நகரம் எழும். தெருக்களுக்கு மணிக்கணக்கே பெயர். அங்குக் கடை கண்ணி இல்லை. தண்ணீர் முதற்கொண்டு அவரவரே கொண்டுவந்து, உள்ளதைப் பிறர்க்கு ஈவது வழக்கம். தன்பால் விருப்பினர், திருநங்கையர் முதலியோரின் கூடாரங்கள் பல ஏழரை மணித் தெருவை ஒட்டி நிற்கும்.

என் தம்பி அவர்களுள் ஒருவன். அவன் தன் துணைவரை மணந்தபோது எனக்கு அழைப்பு வந்தது. நான் போகவில்லை. கலப்பு மணத்தையும் விதவை மறுமணத்தையும் மேடையேறி ஆதரித்தவன் நான் என்பதை இங்குச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஆணும் ஆணும் கூடுதல் குற்றமென வெள்ளையர் ஆட்சி 1938-இல் இயற்றிய 377ஏ பிரிவைச் சிங்கப்பூர்ப் பார்லிமெண்டு 2022 நவம்பர் 29-ஆம் நாள் நீக்கிற்று. எங்கள் வீட்டிலோ எழுதாச் சட்டமொன்று அப்படியே இருந்தது: தம்பியின் துணைவர் பெயரை எவரும் உச்சரிப்பதில்லை. அதனை நீக்க வேண்டியவன் மூத்தவனாகிய நானே. ஆகவே 2023-இல் புறப்பட்டேன்.

செப்டம்பர் 1-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, மழை பிடித்துக்கொண்டது. நம் நாட்டு மழைக்கு அது தூறல்தான். ஆனால் அந்நிலம் பண்டை ஏரியொன்றின் வறண்ட படுகை. மாவுபோன்ற தூசி நீர் பட்டதும் களிமண்ணாகிவிடும். உறைந்த ரப்பர்ப் பால் கையில் ஒட்டுவதுபோல் காலணியில் அப்பி, பத்தடி நடப்பதற்குள் ஒவ்வொரு காலும் உரல்போலாயிற்று. வண்டியோட்டத் தடை, வாயில் அடைப்பு. உத்தேசம் எழுபதாயிரம் பேர் அகப்பட்டுக்கொண்டோம். உணவையும் நீரையும் சிக்கனமாய்ச் செலவிடும்படி அறிவிப்பு வந்தது.

“அண்ணே, நில்லுங்கள்!” என்றொரு குரல். தம்பியன்று, அவன் துணைவர். அந்த ஒரு சொல்லை அவனிடம் கற்றிருந்தார் போலும். சேற்றில் முழந்தாளிட்டு என் காலணிகளைக் கழற்றி, அவற்றின்மேல் தம் காலுறைகளை இழுத்து மாட்டினார். துணியில் சேறு அவ்வளவாய் ஒட்டாதாம். என் பாதங்களை அவர் கையிலேந்திய பொழுது எங்கு நோக்குவதென்றே எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவே பக்கத்துக் கூடாரத்தார் தம்மிடமுள்ள அரிசி, பருப்பு, டின் உணவு அனைத்தையும் ஓரிடத்திற் குவித்தனர். நடனத்திற்கென்று அமைத்த பெருங்கூடாரம், ஒழுகும் கூடாரத்தாருக்குப் படுக்கையிடமாயிற்று. எவரும் உத்தரவிடவில்லை, எவரும் சச்சரவிடவுமில்லை. இத்தனை ஒழுங்கு எங்ஙனம் வந்ததென்று, கஞ்சி கிளறிய நரைத்த தலையர் ஒருவரை வினவினேன். 1980-களில் எய்ட்ஸ் நோய் பரவியபோது பெற்றோர் பலர் பிள்ளைகளைக் கைவிட, நண்பர்களே முறைபோட்டுக் கஞ்சி காய்ச்சி, படுக்கை மாற்றி, பிணமும் எடுத்தனராம். “இந்தச் சேறு எங்களுக்கு ஒரு பொருட்டா?” என்றார். கைவிட்டோர் வரிசையில் என்னையும் அவர் கண்டாரோ அறியேன். கரண்டியை என் கையில் தந்துவிட்டு உறங்கப் போனார்.

சனிக்கிழமை எரிய வேண்டிய மர மனிதன் திங்களிரவுதான் எரிந்தான். ஊரே அங்குத் திரண்டிருக்க, நாங்கள் மூவரும் கூடாரத்தில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தோம். தேய்க்கும்போது அவரைப் பெயர் சொல்லி அழைத்தேன். தம்பி தலை நிமிரவில்லை. தேய்த்த சட்டியையே மீண்டும் தேய்த்தான்.

செவ்வாயன்று ரினோ நகரிலிருந்து அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். விழாவில் எபோலா நோய் பரவுவதாக எவரோ கட்டிவிட்ட பொய் அவர்வரை எட்டியிருந்தது. “தம்பி சுகமா?” என்று கேட்டார்.

“இருவரும் சுகம்” என்றேன்.

சற்றுநேரம் பேச்சில்லை. பின்பு, “அந்தப் பிள்ளை நம் சோறு சாப்பிடுமா?” என்றார்.