கவனிப்பும் இயக்க வேலைதான்

ஒன்றரை ஆண்டாக ஏன் கூட்டங்களுக்கு வருவதில்லை என்று மாணவத் தோழர்கள் சிலர் கேட்டார்கள். என் இணையருக்கு மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இப்போது தேறி வருகிறார். அனுதாபத்துக்காக இதை எழுதவில்லை. நம் இயக்கம் கணக்கில் வைக்காத ஒரு வேலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

21 நாளுக்கு ஒரு கீமோ. முதல் வாரம் குமட்டலும் வாய்ப்புண்ணும். அடுத்து இரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மூன்றாம் வாரம் கொஞ்சம் சோறு இறங்கும். உடனே அடுத்த கீமோ. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது. கூட இருப்பவர் இழக்கும் கூலியை எந்த அட்டையும் ஏற்பதில்லை. உணவுப் பட்டியலில் பனீரும் பாதாமும் இருந்தன. எங்களுக்குக் கட்டுப்படியானவை முட்டையும் நன்றாக வெந்த மாட்டுக்கறியும்தான். "மாட்டுக்கறி தின்றதால் வந்த நோய்" என்று காதுபட பேசியவர்களும் உண்டு. புரதம் எதில் இருந்தாலும் புரதம்தான் என்று மருத்துவர் சொன்ன பிறகு அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

சிகிச்சை முடிந்த பிறகுதான் கடினமான காலம். முடி வளர்ந்ததும் "அதான் சரியாகிடுச்சே" என்றார்கள், வருவதும் நின்றது. ஆனால் அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கம் கை வீங்குகிறது. தினமும் சுவரில் விரல்களை ஊன்றி ஊன்றிக் கையை மேலே ஏற்றிப் பழக்குகிறார். ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. ஐந்தாண்டுக்கு மாத்திரை. பாதி நாளில் உடம்பு அசந்துவிடுகிறது. "கோஷம் போட நூறு பேர் வர்றாங்க, வார்டுல கூட உட்கார ஒருத்தர் வர்றாங்களா?" என்று ஒருநாள் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இது புதிதல்ல. 1948இல் அண்ணல் அம்பேத்கரை மணந்த சவிதா ஒரு மருத்துவர். நீரிழிவோடு போராடிய அண்ணலைக் கடைசிவரை கவனித்துக்கொண்டார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு 1956இல் எழுதிய முன்னுரையில், தன்னைக் காத்த மனைவிக்கும் மருத்துவர் மாள்வங்கருக்கும் அண்ணல் நன்றி சொன்னார். அவர் மறைந்த பின் 1957இல் வெளிவந்த நூலில் அந்த முன்னுரை இல்லை.

இன்றும் ஆண் தோழர் நோயில் விழுந்தால் வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். யாரும் அதை எழுதுவதில்லை. பெண் தோழர் விழுந்தால் ஆண்கள் எத்தனை பேர் சமைக்கிறோம், வாந்தியைத் துடைக்கிறோம்? மலத்தையும் சாக்கடையையும் நம் தலையில் கட்டிய சாதியை எதிர்ப்பவர்கள், வீட்டில் அதே வேலையைப் பெண்கள் தலையில் கட்டுவது எப்படி நியாயம்?

இளம் தோழர்களே, செய்யக்கூடியவை இவைதான். இரத்தம் கொடுங்கள். வார்டில் அரைநாள் உட்கார்ந்து, கூட இருப்பவரைத் தூங்க விடுங்கள். ஆட்டோவுக்குக் காசு கொடுங்கள். கிளைக் கூட்டத்தில் பொறுப்புகளைப் பிரிக்கும்போது இதையும் ஒரு பொறுப்பாகப் பிரித்துக் கொடுங்கள். சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆன பிறகும் ஒருமுறை போய்க் கதவைத் தட்டுங்கள். அப்போதுதான் யாரும் வருவதில்லை.