நாம் என்றால் பெயர்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் அருள்புரம். காலை எட்டரை மணிக்கு முன்பே அங்குள்ள பனியன் நிறுவனங்களின் வாயில்கள் பரபரப்பாகிவிடும். தூக்குப்போசிகளைச் சுமந்தபடி சுற்றுவட்டாரத்துப் பெண்கள் உள்ளே நுழைவர். ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் எனத் தொலைதூர மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்களும் அவர்களோடு நுழைவர். புதிதாகச் சேர்ந்த ஒருவரின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மேசைக்குப் பின்னால் இருக்கும் எழுத்தர், “பேர் என்ன தம்பி?” என்று கேட்கிறார். பீகாரிலிருந்து முதல்நாள்தான் வந்திறங்கிய அந்த இளைஞர் குனிந்து தம் காலைப் பார்த்துக்கொள்கிறார். செருப்பில் சேறு ஒட்டியிருக்கிறதோ என்னும் ஐயம் அவருக்கு. இந்தியில் ஏறத்தாழ அதே ஒலியுடைய சொல்லுக்குப் பாதம் என்பது பொருள். அருகில் நிற்கும் மூத்த தொழிலாளி, “நாம், நாம்” என்று எடுத்துக் கொடுக்கிறார். இப்போது விழிப்பவர் எழுத்தர். தமிழில் ‘நாம்’ என்பது பேசுவோரையும் கேட்போரையும் சேர்த்துக்கொள்ளும் தன்மைப் பன்மை. இந்தியில் ‘நாம்’ என்றால் பெயர்.

இது எண்ணிப் பார்க்கப்பட்ட காட்சிதான். ஆனால் இதில் வரும் சொற்கள் கற்பனை அல்ல. அருள்புரம் போன்ற ஊர்களில் நாள்தோறும் காற்றில் மோதிக்கொள்ளும் சொற்கள் இவை. தமிழில் ‘ஆம்’ என்றால் உடன்பாடு. இந்தியிலும் வங்கத்திலும் ‘ஆம்’ என்றால் மாங்கனி. தமிழில் ‘மா’ என்றால் மாமரம். அம்மொழிகளில் ‘மா’ என்றால் தாய். தமிழில் ‘கல்’ உறுதியானது, அசையாதது. இந்தியில் ‘கல்’ என்பதோ நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். எது என்பதை உடன்வரும் வினைச்சொல்லே காட்டிக்கொடுக்கும். தமிழர் ‘காண்’ என்று கண்ணுக்கு ஏவல் தர, இந்தி பேசுவோர் ‘கான்’ என்று காதைச் சுட்டுவர்.

நீண்ட சொற்கள் இவ்வளவு குறும்பு செய்வதில்லை. ‘நெடுஞ்சாலை’ என்ற சொல்லின் ஒலி வேறொரு மொழியில் வேறொரு பொருளோடு அப்படியே இருப்பது அரிதினும் அரிது. குறுஞ்சொற்களின் நிலை வேறு. அவற்றுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. தமிழில் உயிரெழுத்துகள் 12, உயிர்மெய்யெழுத்துகள் 216. இரண்டும் சேர்ந்து 228. ஓரெழுத்து ஒருமொழி பிறக்கக்கூடிய களம் இவ்வளவே. அவற்றுள் 42 சொற்களை நன்னூலார் எடுத்துக்காட்டுகிறார். ஆ, ஈ, தீ, பூ, கை, வா எனப் பெரும்பாலானவை நெடில்கள். ‘நொ’, ‘து’ என்னும் இரண்டு மட்டுமே குறில்கள். உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் வழங்குகின்றன. ஒவ்வொரு மொழியும் மனித வாயால் எளிதில் எழுப்பக்கூடிய இதே சிற்சில ஒலிக்கூறுகளிலிருந்துதான் தன் குறுஞ்சொற்களை எடுத்துக்கொள்கிறது. ஏழாயிரம் பேர் அமர வேண்டிய திண்ணையில் சில நூறு இடங்களே இருந்தால் ஒருவர் மடியில் ஒருவர் அமர்வதைத் தவிர்க்க முடியுமா?

1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடைபெற்ற புதுச்சேரியில் இந்த மோதலின் உச்சத்தைக் காணலாம். தமிழில் ‘வா’ என்பது வரச்சொல்லும் ஏவல். பிரெஞ்சு மொழியில் ‘வா’ என்றொலிக்கும் ஏவலுக்குப் ‘போ’ என்பது பொருள். தமிழரின் ‘போ’வுக்கு அருகில் ஒலிக்கும் ஒரு சொல் வியட்நாம் மொழியில் மாட்டைக் குறிக்கும். ‘கை’ என்பது அவாய்த் தீவினருக்குக் கடல். நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கு உணவு. தமிழரின் ‘நா’ வாயினுள் இருக்கும் உறுப்பு. சப்பானியரின் ‘நா’ பெயர். சீன மொழியிலோ ‘மா’ என்னும் ஒரே அசை, குரலின் ஏற்ற இறக்கத்தால் தாயாகவும் சணல் வகையாகவும் குதிரையாகவும் திட்டுதலாகவும் மாறும். கிரேக்கரும் கொரியரும் ‘நே’ என்று சொன்னால் இசைவு. செர்பியரும் பல்கேரியரும் அதையொத்த ஒலியை எழுப்பினால் மறுப்பு. மழலையின் முதல் சொற்களாவது எங்கும் ஒன்றாக இருக்கும் என்று நினைப்போருக்குச் சியார்சியா நாட்டு மொழி ஒரு வியப்பைத் தருகிறது. அங்கே ‘மாமா’ என்றால் தந்தை.

எப்போதாவது ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்துப்போவதும் உண்டு. தமிழில் ‘நீ’, சீனத்திலும் முன்னிலையைக் குறிக்கும் சொல் ‘நீ’ என்றே ஒலிக்கிறது. ஆத்திரேலியப் பழங்குடிகளின் மொழிகளுள் ஒன்றான மபாபரத்தில் நாயைக் குறிக்கும் சொல், ஆங்கிலச் சொல்லைப் போலவே ‘டாக்’ என ஒலித்ததைக் கண்டு மொழியியலாளர் டிக்சன் வியந்தார். அது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் அன்று. அம்மொழியின் பழஞ்சொல் ஒன்று காலப்போக்கில் தேய்ந்து அவ்வடிவத்தை அடைந்தது. இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டவுடன் மொழிகளுக்கிடையே உறவு கற்பிக்கும் ஆர்வம் பலருக்கு எழுகிறது. அந்த ஆர்வத்தைச் சற்றே அடக்கிக்கொள்வது நல்லது. இரண்டொரு சொற்கள் ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது.

ஓர் ஒலிக்கும் அதன் பொருளுக்கும் இடையே இயற்கையான கட்டு ஏதேனும் உண்டா? சொல்லுக்கு அப்பொருள் வந்த காரணம் பார்த்தவுடன் விளங்குவதன்று எனத் தொல்காப்பியர் உரியியலில் குறித்துள்ளார். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பெர்டினாண்டு டி சொசூரின் விரிவுரைகள், மாணவர் குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பெற்று 1916இல் நூலாயின. ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு அம்மொழி பேசும் சமூகத்தின் வழக்கினால் அமைவதே அன்றி இயற்கையால் அமைவதன்று என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்து. தொல்காப்பியர் ‘விளங்காது’ என்ற அளவில் நிறுத்தினார். சொசூர் ‘இல்லை’ என்றே சொன்னார். அந்த வேறுபாடும் கருதத்தக்கது.

ஆயினும் எல்லா மோதலும் தற்செயல் அல்ல. பாலக்காட்டிலிருந்து வந்து உணவகத்தில் ‘வெள்ளம்’ கேட்பவர் பெருக்கெடுத்த ஆற்றைக் கேட்பதில்லை. குடிக்க நீர் கேட்கிறார். அவர் ‘பற’ என்றால் ‘சொல்’ என்று பொருள். சிறகு விரிக்கச் சொல்லவில்லை. வெள்ளம் என்பது தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொத்து. ஒரு வீட்டில் அதைப் பெருக்குக்கு ஒதுக்கினர். மறுவீட்டில் அன்றாடப் புழக்கத்துக்கு எடுத்துக்கொண்டனர்.

இன்னும் சில சொற்கள் பயணம் செய்து பொருள் மாறியவை. அருள்புரத்தில் நின்றுகொண்டு அதற்கு எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. ‘பனியன்’ என்ற சொல்லே போதும். வணிகரைக் குறிக்கும் குசராத்திச் சொல் ‘வாணியோ’. அதைப் போர்ச்சுக்கீசியர் தம் நாவுக்கேற்ப ‘பனியன்’ ஆக்கினர். பின்னர் ஆங்கிலேயரும் எடுத்துக்கொண்டனர். பாரசீக வளைகுடாக் கரையில் குசராத்தி வணிகர்கள் ஓர் ஆலமரத்தடியில் வழிபாட்டிடம் அமைத்திருந்தனர். அவ்வழியே சென்ற ஐரோப்பியப் பயணிகள் அம்மரத்தை வணிகர் மரம் என்ற பொருளில் ‘பனியன் மரம்’ என்றனர். அப்பெயர் ஆலமரம் முழுமைக்கும் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. வெப்ப நாட்டில் ஐரோப்பியர் அணிந்த தளர்ந்த அங்கிக்கும் அதே பெயர் சென்றது. அங்கியிலிருந்து உள்ளாடைக்கு இறங்கியது. ஆக, குசராத்தில் மனிதராகப் பிறந்த ஒரு சொல் ஆங்கிலத்தில் மரமாகி, திருப்பூரில் ஆடையாகிவிட்டது. ‘பனியன் கம்பெனிக்குப் போகிறேன்’ என்று இன்று ஒரு பெண் சொல்லும்போது அச்சொல்லுக்குள் வணிகரும் இருக்கிறார் என்பதை அவர் அறிய வேண்டிய தேவையில்லை. பனிக்கும் பனியனுக்கும் தொடர்பில்லை என்பதை மட்டும், குளிர்காலத்தில் அணிவதால் அப்பெயர் வந்தது என்று விளக்கம் சொல்ல முற்படுவோர் அறிந்துகொள்ளலாம்.

அதே தொழிலின் மற்றொரு சொல் ‘நூல்’. தறியில் ஓடுவதும் நூல். மாணவர் கையில் இருப்பதும் நூல். இலத்தீனிலும் நெய்தலைக் குறிக்கும் வினையிலிருந்தே துணிக்கும் எழுத்துப் பனுவலுக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் பிறந்தன. இங்கே ஒலி வேறு, எண்ணம் ஒன்று. சாயப்பட்டறையில் ‘நீல்’ என்று வடமாநிலத்தார் சொல்வது நீலச்சாயம். ‘நில்’ என்று தமிழில் சொன்னால் ஏவல். இருப்புக் கணக்கில் ஆங்கிலத்தில் ‘நில்’ என்று எழுதினால் ஒன்றுமில்லை.

இவையெல்லாம் சொல்லாராய்ச்சிக்குச் சுவையானவை. தையல் பொறியின் முன் அமர்ந்திருப்பவருக்கு அவை கூலிக்கணக்கு. பனியன் நிறுவனங்களில் பலர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுவோர். தைத்த துணி ஒவ்வொன்றும் ஒரு ‘பீஸ்’. இந்தியில் இருபதுக்குப் பெயரும் ‘பீஸ்’. முதல் ஒலி மட்டும் சற்றே அதிர்ந்து வரும். முப்பதுக்குத் ‘தீஸ்’. நாற்பது பொறிகள் இரைந்துகொண்டிருக்கும் கூடத்தில், ஓவர்லாக் பொறியிலிருந்து ஒருவர் உரக்கச் சொன்னது இருபதா, முப்பதா, வெறும் பீஸ்தானா என்பது மேற்பார்வையாளரின் குறிப்பேட்டில் சரியாக விழவேண்டும். தவறினால் பத்துத் துணிக்கு உரிய கூலி காற்றில் போய்விடும். தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும்போது இடர் இன்னும் கூடுகிறது. அதிரும் பகரத்துக்கும் அதிராப் பகரத்துக்கும் நமக்கு ஒரே எழுத்துத்தான். விரித்துப் படுப்பதும் ‘பாய்’, வடமாநிலத்தார் உடன்பிறந்தானை அழைப்பதும் எழுத்தில் ‘பாய்’. பேசும்போது காது பிரித்தறிவதை, எழுத்து ஒன்றாக்கிவிடுகிறது. விரல்களைக் காட்டி எண்ணும் பழக்கம் இதனால் தொழிற்கூடங்களில் வெகுவாகப் பயன்படுகிறது.

வலிக்கும்போது சொற்கள் இன்னும் குறுகிவிடும். ‘கான்’ என்று மட்டும் முனகும் தொழிலாளியின் கண்ணைச் செவிலியர் இமை விரித்துப் பார்க்கக்கூடும். நோவு காதில் இருக்கும். பொறிக்கு எண்ணெய் வேண்டும் என்பதற்காக ஒருவர் தரையைச் சுட்டி ‘தேல்’ என்றால், அருகில் இருக்கும் தமிழ்ப்பெண் தேள் என்று கேட்டு எழுந்து ஓடுவார். அது சிரித்து மறக்கக்கூடியது. தீ அப்படியன்று. துணிவெட்டுகளும் பஞ்சும் குவிந்திருக்கும் கூடத்தில் ஒரு பொறி விழுந்தால், வாயிலிருந்து எழுவது ஓரெழுத்து ஒருமொழியாகத்தான் இருக்கும். தமிழரின் ‘தீ’ இந்தி பேசுவோர் காதில் ‘இருந்தாள்’ என்று பொருள்படும் சொல்லை ஒத்து ஒலிக்கும். அவர்கள் ‘ஆக்’ என்று அலறுவது தமிழர் காதில் முடிவுபெறாத ஒரு ‘ஆக’. ஒடியா பேசுவோருக்கோ நெருப்பு ‘நியாங்’. மூன்று அலறல்களும் ஒரே நெருப்பைப் பற்றியவை. மூன்றையும் அறிந்தவர் அங்கே எத்தனை பேர்? அபாய மணியும் ஓடும் மனிதன் வரைந்த பச்சைப் பலகையும் சுவரில் இடம்பெற்றிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் உடன் பணியாற்றுவோரின் மொழியில் அந்த ஒரு சொல்லையாவது கற்றுவைத்திருப்பது பலகையைவிட விரைவாகப் பயன்படும்.

ஒடியாவில் ‘காலி’ என்று ஒரு சொல் உண்டு. இந்தியின் ‘கல்’ போலவே நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். தமிழில் வழங்கும் ‘காலி’ அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. வெறுமை என்பது பொருள். ஒடியாவிலும் அந்த அரபுச்சொல் உண்டு; முதல் எழுத்தை மூச்சொலி கூட்டி உச்சரிப்பதால் அவர்களுக்குக் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் கேட்கும் தமிழருக்குத்தான். திருப்பூர்ப் பகுதியில் பனியன் தொழிலாளர் பலருக்கு வாரக்கூலி. சனிக்கிழமை மாலையில் கைக்கு வரும். வெள்ளிக்கிழமை இரவு, பெட்டிக்கடையில் இரண்டு ரொட்டிப் பொட்டலங்களை எடுத்துக்கொண்ட ஒடிசா இளைஞர் ஒருவர், “அக்கா, காலி” என்கிறார். நாளை தருவதாகச் சொல்கிறார் அவர். பை காலி என்று விளங்கிக்கொள்கிறார் கடைக்கார அம்மையார். அன்றைய இரவில் இரண்டுமே உண்மை. அவர் கணக்கு நோட்டைப் புரட்டி, எழுதுகோலை எடுத்து, “உம் பேர் என்ன கண்ணு?” என்று கேட்கிறார். அருள்புரத்துக்கு வந்து ஓராண்டு கடந்த அந்த இளைஞர் இப்போது காலைப் பார்க்கவில்லை, பெயரைச் சொல்கிறார்.