அவசரச் சட்டங்களின் ஆயுள்

அவசரம் என்றால் விரைவு என்று பொருள் கொள்கிறோம். விரைந்து வந்தது விரைந்து போய்விடும் என்பதும் அச்சொல்லுக்குள் அடங்கியிருப்பதாகவே நான் மாணவப் பருவத்தில் எண்ணியிருந்தேன். ஆனால் நம் மலேசிய நாட்டின் சட்ட வரலாற்றைச் சற்றே பொறுமையுடன் புரட்டிப் பார்ப்போர்க்கு, அவசரம் என்னும் பெயர் சூட்டிக்கொண்டு பிறந்தவற்றுக்கே நீண்ட ஆயுள் வாய்த்திருப்பது புலப்படும். 1969ஆம் ஆண்டு மே மாதம் வெளியிடப்பட்ட அவசரகாலப் பிரகடனம் 2011ஆம் ஆண்டின் இறுதியில்தான் நாடாளுமன்றத்தால் முடித்துவைக்கப்பட்டது. அது பிறந்தபோது நான் கைக்குழந்தை. அது மறைந்தபோது தமிழ்ப்பள்ளி ஆசிரியனாய் இருபது ஆண்டுகளைக் கடந்திருந்தேன். இடைப்பட்ட நாற்பத்திரண்டு ஆண்டுகளில் தேர்தல்கள் நடந்தன, பள்ளிக்கூடங்கள் எழுந்தன, திருமணங்களும் திருவிழாக்களும் குறைவின்றி நடந்தேறின. தாம் அவசரகாலத்தில் வாழ்வதாக எவரும் உணர்ந்தாரில்லை. அங்ஙனம் உணராதிருந்ததைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன்.

இதற்கு முந்திய அவசரகாலத்தை என் பாட்டி அறிவார். பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயாக் கூட்டரசு முழுமைக்கும் அவசரகாலம் பரவியது. வழக்கு விசாரணை இன்றி எவரையும் காவலில் வைக்கலாம் என்னும் விதி வந்தது. பன்னிரண்டு வயது கடந்த அனைவரும் பெயரைப் பதிந்து, நிழற்படமும் கைந்நாட்டும் கொண்ட அடையாள அட்டையைப் பெறவேண்டும் என்பதும் அந்த ஆண்டில் வந்ததே. இன்று பள்ளிப் பதிவுக்கும் வங்கிக் கணக்குக்கும் மருத்துவமனைக்கும் நாம் எடுத்து நீட்டும் அடையாள அட்டையின் மூலம் இதுவே என்பதை என் மாணவர்க்குச் சொன்னால் வியக்கிறார்கள்.

1950ஆம் ஆண்டில் பிரிக்ஸ் திட்டம் செயற்படலாயிற்று. காட்டோரங்களில் வாழ்ந்த மக்களுள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் சீனர் என்பதால், அவ்வரலாற்றைச் சீனர் வரலாறு என்றே நம்மவர் பலர் எண்ணியிருக்கின்றனர். தோட்டத்து லயங்களும் பெயர்க்கப்பட்டு, ஓரிடத்தில் கூட்டப்பட்டு, முள்வேலி சூழ நிறுத்தப்பட்டதை எடுத்துச் சொல்வோர் குறைவு. விடியலில் வாயிற்கதவு திறக்கும். ஆணும் பெண்ணும் வரிசையில் நின்று, பால் வாளியைக் கவிழ்த்துக் காட்டிய பின்னரே வெட்டுக்குப் போக முடியும். காட்டிலிருப்போர் கைக்கு உணவு போய்ச் சேரலாகாது என்பதற்காக, வெட்டுக்குப் போகிறவர் பழைய சோற்றைக்கூட எடுத்துச் செல்லக்கூடாது. “வவுத்துக்குள்ள போட்டுட்டுப் போ, வெளிய கொண்டு போகாதேன்னுட்டான்” என்பார் பாட்டி. விடியுமுன் பசி ஏது? நடுப்பகல் வரை வெறும் வயிற்றோடு மரம் வெட்டியிருக்கிறார்கள்.

அக்காலத்து அச்சம் பொய்யன்று. காட்டிலிருந்து வந்தவர்களின் துப்பாக்கிக்குத் தொழிலாளரும் இரையாயினர். அரசு கைகட்டி நின்றிருக்கவேண்டும் என்று கூறுவது நேர்மையாகாது. ஆயினும் அந்த அச்சத்தின் நிழலில் வேறு பலவும் நடந்தன. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்தார் என்னும் குற்றத்திற்காக 1949ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். கூலி உயர்வு கேட்பவனும் குண்டு வைப்பவனும் ஒரே பட்டியலில் சேர்க்கப்பட்டதன் விளைவைத் தோட்டப்புறம் நெடுங்காலம் சுமந்தது.

நான் சிறுவனாய் இருந்தபோது அந்த முள்வேலி இல்லை. துருவேறிய இரும்புத் தூண்கள் இரண்டு மட்டும் ஆட்டைக் கட்டப் பயன்பட்டன. ஆனால் பாட்டி தம் அட்டையைத் துணியிற் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். உறங்கும்போதும் அது தலைமாட்டில் இருக்கும். சீருடையணிந்த எவரேனும், அவர் அஞ்சல்காரராகவே இருந்தாலும், லயத்துப் பக்கம் வந்துவிட்டால் எங்களை உள்ளே இழுத்துக்கொள்வார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும் என்பதுதான் அவர் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம்.

அவசரகாலம் 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் முடிவுற்றது. மறுநாள், ஆகஸ்ட் முதல் நாள், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓரிரவுகூட இடைவெளி இல்லை. நம் அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு, கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நீதிபதியின் முன் நிறுத்தவேண்டும் என்கிறது. 10ஆம் பிரிவு பேச்சுரிமையையும் ஒன்றுகூடும் உரிமையையும் வழங்குகிறது. அதே அரசியலமைப்பின் 149ஆம் பிரிவோ, இவ்வுரிமைகளுக்கு முரணான சட்டங்களையும் நாட்டுப் பாதுகாப்பின் பொருட்டு நாடாளுமன்றம் இயற்றலாம் என இடமளிக்கிறது. அவ்விடத்தில் முளைத்ததே இந்தச் சட்டம். காவல்துறை 60 நாள் வரை ஒருவரை அடைத்து வைக்கலாம். அதன்பின் அமைச்சர் இரண்டாண்டுக்குக் காவலாணை இடலாம். இரண்டாண்டு முடிந்தால் மீண்டும் இரண்டாண்டு. எத்தனை முறை என்பதற்கு வரம்பில்லை. 1989ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர், நடைமுறை பிசகியதா என்று பார்ப்பதைத் தவிர, அமைச்சரின் முடிவை நீதிமன்றம் ஆராயவும் வழியில்லாமற் போயிற்று.

ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கண்ணகி கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன், “கோவலனிடம் ஏன் ஐயா ஒன்றுமே கேட்கவில்லை?” என வினவினான். தமிழாசிரியர்கள் அனைவரும் ஒருமுறையேனும் எதிர்கொண்டிருக்கும் வினாதான் இது. பொற்கொல்லன் சொன்னான், மன்னன் ஆணையிட்டான், கொலை நடந்து முடிந்தது. விசாரணை என்பதே இல்லை. ஆனால் அக்கதையில் மற்றொரு பகுதியும் உண்டு. ஊர்பேர் அறியாத பெண்ணொருத்தி அரண்மனை வாயிலில் வந்து நிற்கிறாள்; வாயிற்காவலன் உள்ளே சென்று அறிவிக்கிறான்; மன்னன் அவளை வரவழைத்துக் கேட்கிறான்; சிலம்பு உடைக்கப்படுகிறது. பாண்டியன் தவறிழைத்தவனே எனினும், தன் ஆணையை ஆராயக்கூடாது என்று கதவை அடைத்தவனல்லன். அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு, சட்டத்திற்குப் புறம்பாக ஒருவர் அடைக்கப்பட்டதாகப் புகார் வந்தால் உயர்நீதிமன்றம் அதனை விசாரிக்கவேண்டும் என்று கூறுவதும் அந்த வாயிற்கதவைத்தான். இதனை அம்மாணவனுக்கு எட்டும் மொழியில் சொன்னேன். அவன் எவ்வளவு கொண்டானோ அறியேன். நான் தெளிவு பெற்றேன்.

1987ஆம் ஆண்டு அக்டோபரில் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தேன். மாண்டரின் வழிக் கல்வி பெறாதவர்களைச் சீனப்பள்ளிகளின் நிருவாகப் பொறுப்புகளில் அமர்த்தியதால் எழுந்த பூசல், கூட்டங்களாய், எதிர்க்கூட்டங்களாய் வளர்ந்திருந்தது. 27ஆம் நாள் தொடங்கிய கைது நடவடிக்கைக்கு லாலாங் எனப் பெயரிட்டனர். தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு லாலான் புல்லைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மேலே வெட்ட வெட்ட அடியில் வேரோடும் புல் அது. அப்பெயரைத் தேர்ந்தெடுத்தவர்க்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ! நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங், வழக்கறிஞர் கர்ப்பால் சிங், நம்மவர்களான பி. பட்டு, வி. டேவிட் ஆகியோரும், சீனக் கல்வி இயக்கத் தலைவர்களும் அவர்களுள் அடங்குவர். ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வாத்தான் ஆகிய மூன்று ஏடுகளின் உரிமம் பறிக்கப்பட்டது. 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி ஏடுகள் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பித்து வாழவேண்டியிருந்த காலம் அது.

விடுதியின் பொது அறையில் நாளிதழ் மேசை பாதி வெறுமையாய்க் கிடந்தது. எவரும் எதுவும் கேட்கவில்லை. ஆசிரியராகப் போகிற இளைஞர் கூட்டம், பள்ளிக்கூட நியமனம் பற்றிய பூசலால் நாடே கொந்தளித்த வேளையில், மேசைப்பந்து ஆடிக்கொண்டிருந்தது. விரிவுரையாளர் ஒருவர் வகுப்பின் கதவைச் சாத்திவிட்டு, “நம்முடைய பாடத்தைப் பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியத்தில் என் பாட்டியின் குரல் எனக்குக் கேட்டது.

அரசுக்கு அதிகாரம் இருப்பதே தவறு என வாதிடுபவனல்லன் நான். கையில் இருப்பதும் கைவிட மறுப்பதும் வேறு. ஆசிரியர்கள் நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு, தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளி ஒன்றைத் தகுந்ததென அமைச்சர் கருதும் எந்நேரத்திலும் தேசியப் பள்ளியாக மாற்றலாம் என்றது. அமைச்சர் மனநிறைவு கொண்டால் போதும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வுட்பிரிவு இடம்பெறவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாய் நம் தமிழ்ப்பள்ளிகள் அந்த வரியின் கீழ்தான் மணியடித்துப் பாடம் நடத்தின. பயன்படுத்தப்படாத அதிகாரம் தீங்கற்றது என்பார்க்கு, நன்கொடை திரட்டிக் கட்டடம் எழுப்பிய அக்காலத்துப் பள்ளி வாரியத்தார் எத்துணை முறை அதனை எண்ணி உறக்கம் இழந்திருப்பர் என்பதை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

2007ஆம் ஆண்டு டிசம்பரில் இண்ட்ராப் தலைவர் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கமுந்திங் முகாமுக்கு அனுப்பப்பட்டபோதுதான், அதுவரை அச்சட்டத்தைப் பிறர் வீட்டுத் துன்பமாய்க் கண்ட நம்மவர் பலர் அதன் பெயரை உச்சரிக்கக் கற்றனர். அவர்களுள் ஒருவரான மனோகரன், முகாமில் இருந்தபடியே 2008ஆம் ஆண்டுத் தேர்தலில் கோத்தா அலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். 2012ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அச்சட்டம் நீங்கியது. மகிழ்ந்தோம். ஆனால் அதனிடத்தில் வந்த சோஸ்மா சட்டம், பிடிபட்டவரை 28 நாள் வரை நீதிமன்றத்திற்குக் கொண்டுவராது காவலில் வைக்க இடம் தந்தது. 2015ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், விசாரணையின்றி இரண்டாண்டு அடைக்கும் அதிகாரத்தை ஒரு வாரியத்தின் கையில் கொடுத்தது. புல் வெட்டப்பட்டது; வேர் இருந்தது.

ஆயினும் சோஸ்மாவில் நல்ல கூறு ஒன்றிருந்தது. 28 நாள் காவல் விதி ஐந்தாண்டுக்கு மட்டுமே. நீட்டிக்க வேண்டுமாயின் நாடாளுமன்றம் மீண்டும் இசையவேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச்சில் அத்தீர்மானம் மக்களவைக்கு வந்தபோது ஆதரவாக 84 வாக்கும் எதிராக 86 வாக்கும் விழுந்தன. இரண்டே வாக்கில் அது தோற்றது! ஜூலை மாதம் மீண்டும் கொண்டுவரப்பட்டு நிறைவேறிவிட்டது என்பது உண்மையே. எனினும், காலவரையறை ஒன்று எழுதப்பட்டிருந்தமையால் அன்றோ, நாட்டின் பேராளர்கள் எழுந்து நின்று ஏன் எனக் கேட்க ஒரு நாள் வாய்த்தது? 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய நாளே இல்லை.

பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றி மிகுதியாய் எழுத விரும்பவில்லை, அனைவரும் அறிந்ததே. மைசெஜாத்ரா செயலியில் கடைக்குக் கடை பெயர் பதிந்தோம். உயிர் காக்க வேண்டிய தேவை கண்முன் நின்றது; மனமுவந்து பதிந்தேன். 2021ஆம் ஆண்டு ஜனவரியில் பிரகடனமான அவசரகாலத்தில் நாடாளுமன்றம் ஜூலை இறுதி வரை கூடாதிருந்ததையும், பொய்ச்செய்திக்கு எதிராக ஓர் அவசரச் சட்டம் அந்த இடைவெளியில் வந்ததையும் நோய்த் தடுப்பின் கணக்கில் சேர்க்க என்னால் இயலவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் மாணவர்களின் பைகளிலிருந்து பணம் காணாமற் போயிற்று. நாள்தோறும் காலையில் வாயிலில் எல்லாருடைய பைகளையும் சோதிக்கலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் கருத்துரைத்தனர். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஒத்துக்கொண்டது. செய்யலாம் என்றேன்; என்று நிறுத்துவது எனவும் கேட்டேன். கூட்டத்தில் பதில் இல்லை. அது கெட்ட எண்ணத்தால் வந்த அமைதியன்று. அவ்வாறு ஒரு கேள்வி உண்டென்பதே அவர்கட்குத் தோன்றவில்லை. மூன்று வாரம் எனத் தேதியிட்டுக் கூட்டக்குறிப்பில் எழுதச் செய்தேன். சோதனை மாணவரின் கண்ணெதிரே நடக்கவேண்டும். காரணத்தைச் சபைகூடலில் அவர்கட்குச் சொல்லவேண்டும் என்பதையும் சேர்த்தேன். மூத்த ஆசிரியை ஒருவர், “சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்னத்துக்குங்க, சார்?” என்று சிரித்தார்.

குறித்த நாளில் சோதனை நின்றது. மறு திங்கட்கிழமை காலை நான் வாயிலில் நின்றிருந்தேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என்முன் வந்து நின்று, ஒருவரும் கேளாமலே, பையை இறக்கித் திறந்து காட்டினாள். மூடிக்கொண்டு உள்ளே போகச் சொன்னேன். நம்பாதவளாய்ச் சற்று நேரம் அங்கேயே நின்றாள்.