யார் தலை, யார் கையெழுத்து

டி.எஸ். கனகா என்ற பெயரில் இருக்கும் ‘டி’ தஞ்சாவூரைக் குறிக்கிறது. தஞ்சாவூர் சந்தானகிருஷ்ணா கனகா. 1932இல் சென்னையில் பிறந்தவர். எங்கள் ஊரின் பெயரை முதலெழுத்தாகச் சுமந்துகொண்டே சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார், சீனப் போரின்போது இராணுவத்தில் மருத்துவராக இருந்தார், 1963இல் பொது அறுவையிலும் 1968இல் மூளை நரம்பியல் அறுவையிலும் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர் அவர்தான். ஆசியாவிலேயே முதல் பெண் என்றும் சொல்வார்கள். துருக்கியின் ஐசிமா அல்தனோக் 1959லேயே தகுதி பெற்றுவிட்டதால் அந்தப் பட்டத்துக்காக நான் யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை. ஆண்கள் மட்டுமே நின்ற மேசையருகே ஒரு பெண் போய் நின்றார் என்பதே எனக்குப் போதும்.

கனகா சேர்ந்து பணியாற்றிய பேராசிரியர் பி. ராமமூர்த்தி சீர்காழியில் பிறந்தவர். 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கியவர். தஞ்சாவூரில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் நான், மருத்துவம் படிக்க ஆசைப்படும் பெண்களிடம் இந்த இரண்டு பெயர்களையும் சொல்வது வழக்கம். கத்தியைப் பிடிக்கும் கை பெண்ணுடையதா என்பது நல்ல கேள்வி. கத்திக்குக் கீழே படுத்திருப்பவளிடம் யாராவது கேட்டார்களா என்பது அதற்கு அடுத்த கேள்வி. இந்த இரண்டாவது கேள்வி என் அம்மாவின் தலை வழியாக எனக்கு வந்தது.

அம்மாவுக்கு அப்போது 67 வயது. குறுவை நடவு முடிந்திருந்த சமயம். தம்பியின் வண்டியில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வாய்க்கால் கரையோரம் வந்துகொண்டிருந்தவள், ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் சரிந்து விழுந்தாள். வீட்டில் இருந்தது ஒரே ஹெல்மெட். அது ஓட்டுகிறவன் தலையில் இருந்தது. அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, “ஒண்ணும் ஆவல, வண்டிய எடு” என்றாளாம்.

ஆறு வாரம் கழித்துச் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிந்தன. பொழுது சாய்ந்தால் தலைவலி. இடது கால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்தாள். கோலம் பாதியில் நின்றது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், அவள் பேச்சு குறைந்தது. களத்துமேட்டில் நெல் மூட்டை எண்ணுகிறவனோடு உரத்துக் கணக்குப் பேசுகிற மனுஷி, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வந்து பார்த்துவிட்டுப் போன பெரியம்மா, “இப்பதான் உங்கம்மா அடங்கியிருக்கா, வயசுக்கேத்த பக்குவம்” என்று சந்தோஷப்பட்டார். ஒரு பெண் திடீரென்று அமைதியானால் அதை நோயின் அறிகுறி என்று நினைக்க நம் வீடுகள் பழகவில்லை. அதற்கு நல்ல பெயர்தான் கிடைக்கும்.

ஸ்கேனில் தெரிந்தது நாள்பட்ட சப்டூரல் இரத்தத் தேக்கம். வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்கும். மூளைக்கும் அதன் மேலுறைக்கும் இடையே ஓடும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும். அந்த நிலையில் சின்ன அடிகூட ஒரு சிரையைக் கிழித்துவிடலாம். இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரக்கணக்கில் தேங்கி, மூளையை ஒரு பக்கமாக அழுத்தும். பார்ப்பவர்களுக்கு அது பக்கவாதம் போலவோ மறதி நோய் போலவோ மன வருத்தம் போலவோ தெரியும். உண்மையில் இது ஆண்களுக்கே அதிகம் வருகிறது. மண்டையோட்டில் ஒன்றிரண்டு துளை போட்டு வடித்துவிட்டால் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். மூளை அறுவையில் இவ்வளவு எளிதாக ஆளைத் திருப்பித் தருகிற சிகிச்சைகள் குறைவு. ஆனால் அதற்கு முதலில் யாராவது சந்தேகப்பட வேண்டும்.

மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். அன்று நடந்தது எங்கேயும் நடப்பதுதான். மருத்துவர் வராந்தாவில் நின்று என் தம்பியிடம் படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா நாலடி தள்ளிச் சக்கர நாற்காலியில் இருந்தாள். நான் அவள் பக்கத்தில். செவிலியர் என்னிடம் வந்து, “ஆம்பளைங்க யாரும் வந்திருக்காங்களா? கையெழுத்து வாங்கணும்” என்றார். அம்மா மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் தெளிவாகப் பேசினாள்.

“தம்பி, எம் மண்டையத்தானே தொறக்கப் போறீங்க? எங்கிட்ட சொல்லுங்க.”

அந்த இளம் மருத்துவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். என்ன தேங்கியிருக்கிறது, எங்கே துளை போடுவோம், என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னார். பிறகு, “இப்ப நான் சொன்னத நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்கம்மா” என்றார். அவள் சொன்னாள். இது மரியாதைக்காகச் செய்தது மட்டுமல்ல. மூளை அறுவையில் ஒப்புதலுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. முடிவெடுக்க வேண்டிய உறுப்பே அடிபட்டிருக்கும். காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் குழம்பலாம். அதனால்தான் புரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்காமலே புரியாது என்று முடிவு கட்டுவதுதான் தவறு. பெண்கள் விஷயத்தில் அந்த முடிவு சீக்கிரம் எடுக்கப்படுகிறது.

கையெழுத்துப் போட்ட பிறகு அம்மா கேட்ட ஒரே கேள்வி முடியைப் பற்றியது. “முழுசா மொட்டை அடிப்பீங்களா?” அப்படித்தான் வழக்கம் என்றார் உதவியாளர். அம்மா சொன்னாள்: “சமயபுரத்தாளுக்குன்னா நானே குடுப்பேன். கேக்காம எடுக்கக் கூடாதுல்ல.” முடி கொடுப்பதும் முடி எடுக்கப்படுவதும் ஒன்றல்ல என்பது கணவனை இழந்த பெண்களின் தலையை மழித்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மருத்துவமும் அவள் பக்கம்தான் இருக்கிறது. முடியை எடுக்காமல் இருப்பதே நல்லது, கட்டாயமென்றால் கத்தரிக்கலாம், சவரம் செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வழிகாட்டியிருக்கிறது. சவரக்கத்தியின் நுண்ணிய கீறல்களே கிருமிக்கு வழியாகலாம். அம்மாவுக்கு வலது பக்கத்தில் கொஞ்சம் மட்டும் கத்தரித்தார்கள். இரண்டு துளைகள். வந்தது பழைய எஞ்சின் ஆயில் நிறத்தில் இருந்ததாம். மூன்றாம் நாள் தம்பியை ஹெல்மெட் விஷயமாகத் திட்டினாள். குரல் திரும்பிவிட்டது என்று நான் நிம்மதியடைந்தேன்.

வீடு வந்த பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 1995இல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மயக்க மருந்து ஏற்றுக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டார்கள். விவரம் தெரிந்த வயது வந்தவர் தற்காலிகமாக மயங்கியிருக்கிறார், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை என்றால், தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். உயிர் போகிற அவசரத்தில் மருத்துவர் யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மற்ற நேரங்களில் கேட்க வேண்டியது அந்த உடலுக்கு உரியவரை. கணவன், மகன், சித்தப்பா என்ற வரிசை சட்டத்தில் இல்லை. அது நம் வராந்தாக்களில் இருக்கிறது.

கேட்பது என்றால் ஆமா இல்லை என்பது மட்டுமல்ல, தெரிந்துகொள்வதும்தான். அம்மாவின் நோய் ஒன்றை எடுத்துக்கொண்டாலே கடந்த பதினைந்து ஆண்டுகளில் எவ்வளவோ மாறியிருக்கிறது. துளை போட்டு வடித்த பிறகு ஒரு குழாயை வைத்துவிட்டு வந்தால் மறுபடி தேங்குவது 24 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாகக் குறைகிறது என்று 2009இல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. ஸ்டீராய்டு மாத்திரை நல்லது செய்யும் என்று பலகாலம் நம்பினார்கள். 2020இல் வந்த ஆய்வில், அது கொடுக்கப்பட்டவர்கள் ஆறு மாதத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே தேறியிருந்தார்கள். 2024இல் வந்த எம்போலைஸ் ஆய்வு, அறுவையோடு சேர்த்து, மூளையுறைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியை உள்ளிருந்தே அடைத்தால் மறுபடி அறுவை தேவைப்படுவது 11 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக இறங்குகிறது என்றது. ஆனால் அந்த அடைப்பு முறைக்கும் தனி ஆபத்தும் தனிச் செலவும் உண்டு. எது வேண்டும் என்று ஒருத்தி தீர்மானிக்க, இவையெல்லாம் அவளுக்குப் புரிகிற தமிழில் அவளிடம் சொல்லப்பட வேண்டும்.

இந்த இடத்தில் கனகாவிடம் திரும்பிப் போக வேண்டும். கொஞ்சம் கடினமான இடத்துக்கு.

கனகாவின் முக்கியமான பணி ஸ்டீரியோடாக்டிக் அறுவை. தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, அளவு கணக்கிட்டு, மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியைச் சென்றடைவது. நடுக்கத்துக்கும் பெருமூளை வாதத்துக்கும் இந்த முறையைச் சென்னைக் குழு பயன்படுத்தியது. அதே குழு, ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், கனகா ஆகியோர், அடக்க முடியாத ஆவேசமும் ஓயாத துறுதுறுப்பும் உள்ளவர்களுக்கும் இதைச் செய்தது. அமிக்டலா என்ற பகுதியிலோ ஹைபோதலாமஸிலோ ஒரு சிறு இடத்தை அழிப்பது. ஜப்பானில் நரபயாஷியும் சானோவும் முன்னெடுத்த முறைகள் இவை. இதற்கு இவர்கள் வைத்த பெயர் அமைதிப்படுத்தும் அறுவை. 1988இல் ராமமூர்த்தி வெளியிட்ட கணக்கின்படி அப்படிப்பட்ட அறுவைகள் சுமார் 600. செய்துகொண்டவர்களில் பலர் குழந்தைகள்.

அந்தக் காலத்தை அதன் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மருந்துகள் குறைவு. தன்னையே கடித்துக்கொள்கிற பிள்ளையை இரவும் பகலும் காத்தவள் பெரும்பாலும் தாய்தான். அவளுக்குத் தூக்கம் கிடையாது, மாற்று ஆளும் கிடையாது. மாற்று என்று இருந்தது சங்கிலி. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் 28 பேர் அந்தச் சங்கிலியோடேயே தீயில் செத்தார்கள். ஆகவே அந்த மருத்துவர்களைக் கொடியவர்கள் என்று எழுத என் கை வராது. ஆனாலும் என் பெரியம்மாவின் சொல் காதில் விழுகிறது: இப்பதான் அடங்கியிருக்கா. அடங்கியது யாருக்கு நல்லது? அடங்கியவருக்கா, வீட்டுக்கா?

உலகம் முழுக்க இந்தக் கேள்விக்கான விடையைப் பெண்கள் தலையில் எழுதியிருக்கிறார்கள். 1941இல் அமெரிக்காவில் ரோஸ்மேரி கென்னடிக்கு 23 வயது. ஆவேசம், அடங்காமை என்று அவர் தந்தை லோபாட்டமிக்கு ஏற்பாடு செய்தார், தாயிடம்கூடச் சொல்லாமல். அதன் பிறகு ரோஸ்மேரியால் சரியாக நடக்கவோ பேசவோ முடியவில்லை. லோபாட்டமியைக் கண்டுபிடித்த எகாஸ் மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசு கிடைத்தது. சென்னையில் நடந்தது லோபாட்டமி அல்ல, அதைவிட நுட்பமானது. ஆனால் வேறொருவரின் சம்மதத்தில் ஒருவரை அமைதிப்படுத்துவது என்ற இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் தன் 96ஆம் பிரிவில் இதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. மனநோய்க்காக மூளையில் அறுவை செய்ய வேண்டுமானால் யாருக்குச் செய்கிறார்களோ அவருடைய ஒப்புதலே வேண்டும். அதற்கு மேல் மனநலச் சீராய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். குடும்பத்தாரின் கையெழுத்து அங்கே போதாது.

கனகாவின் வாழ்க்கையிலேயே இன்னொரு பாதையும் இருக்கிறது. 1975இல் இந்தியாவில் முதன்முறையாக மூளைக்குள் நீண்டநாள் இருக்கும்படி மின்முனைகளைப் பொருத்தியவராக அவர் அறியப்படுகிறார். 1987இல் பிரான்சின் பெனாபிட் காட்டிய வழியில் இன்று பார்க்கின்சனுக்குச் செய்யப்படும் ஆழ்மூளைத் தூண்டல் இதே திசையில் வளர்ந்தது. இதில் எதையும் அழிப்பதில்லை. மின்னோட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். ஒருமுறை சொன்ன ஆமாவை மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. ஆனால் பல நாடுகளின் ஆய்வுகளில், நோயுள்ள பெண்களின் விகிதத்துக்கு இந்தச் சிகிச்சை பெண்களுக்குக் கிடைப்பதில்லை. பெண்கள் பயப்படுகிறார்கள் என்பது ஒரு விளக்கம். அவர்களை அழைத்துப் போகவும் பிறகு பார்த்துக்கொள்ளவும் வீட்டில் ஆள் இல்லை என்பது இன்னொன்று. இரண்டாவதை நம்ப எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை.

கனகா திருமணம் செய்துகொள்ளவில்லை. நூறு முறைக்கு மேல் இரத்த தானம் செய்தார். 1990இல் ஓய்வு பெற்ற பிறகு ஏழைகளுக்காகப் பெற்றோர் பெயரில் ஒரு மருத்துவ அறக்கட்டளையை நடத்தினார். 2018இல் இறந்தார். அவர் பெயரை இப்போதும் என் மாணவிகளிடம் சொல்கிறேன். கூடவே 96ஆம் பிரிவையும் சமீரா கோலியையும் சொல்கிறேன். மருத்துவராகப் போகிறவளிடம், ஸ்டூலை இழுத்துப் போட்டு யார் தலையோ அவர் எதிரே உட்காரச் சொல்கிறேன். மற்றவர்களிடம், வீட்டில் அதிகம் பேசுகிற பெண் ஒருநாள் பேச்சைக் குறைத்தால் அவளைப் பாராட்டிவிட்டுப் போகாமல், அண்மையில் எங்காவது விழுந்தாளா என்று கேட்கச் சொல்கிறேன்.