நீலம் என்றால் பயிற்சி, நீலம் என்றால் விஷம்

பீரங்கிக் குண்டுக்கும் லேபிள் உண்டு. காமர்ஸ் படிக்கிறவன் கண்ணில் அதுதானே முதலில் படும் :-) உள்ளே என்ன சரக்கு, எந்த அளவு, எங்கே செய்தது, எந்த வருஷம்... பாதியைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள், பாதியை உலோகத்தில் பொறித்திருப்பார்கள். அரை இருட்டில் அவசரமாகக் கை நீட்டும் சிப்பாய் தப்பான குண்டை எடுத்துவிடக் கூடாதே!

சிக்கல் என்னவென்றால், இந்த நிறங்களுக்குப் பொதுவான அகராதி கிடையாது. முதல் உலகப் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டைட் என்ற வெடிமருந்து நிரப்பிய குண்டுக்கு பிரிட்டிஷ்காரர்கள் மஞ்சள் அடித்தார்கள். (லிட்டைட் என்பது பிக்ரிக் அமிலம்தான், அதுவே மஞ்சள்.) ஜெர்மன் குண்டில் மஞ்சள் சிலுவை இருந்தால் கதையே வேறு. உள்ளே கடுகு வாயு. 1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகில்தான் அதை முதலில் வீசினார்கள். பச்சைச் சிலுவை என்றால் நுரையீரலை அழிக்கும் பாஸ்ஜீன் வகை. நீலச் சிலுவைதான் ரொம்பக் குரூரம்: முகமூடியைத் தாண்டி உள்ளே போய்த் தும்மலும் வாந்தியும் வரவழைத்து, முகமூடியைக் கழற்ற வைக்கும் ஆர்சனிக் சேர்மம். இன்றைய நேட்டோ நாடுகளில் குண்டுக்கு நீலம் அடித்திருந்தால் என்ன அர்த்தம் தெரியுமா? பயிற்சிக் குண்டு!

அதனால் நிறத்தைப் படிக்கும் முன் நாடும் காலமும் தெரிய வேண்டும். அதற்கு விட்டம் உதவும். பிரெஞ்சுக்காரர்களின் புகழ்பெற்ற களப்பீரங்கி 75 மி.மீ., ஜெர்மன்காரர்களுடையது 77. வித்தியாசம் வெறும் 2 மி.மீ., அதையும் துரு விழுங்கிவிடும். பிறகு, குண்டின் அடிப்பாகத்தைச் சுற்றியிருக்கும் செம்பு வளையம். எனக்கு இதில் மிகவும் பிடித்த சமாச்சாரம் இதுதான். பீரங்கிக் குழாயின் உள்ளே இருக்கும் சுருள் வரிகள் இந்த வளையத்தில் சாய்வாகத் தடம் பதித்துவிடும். தடம் இருந்தால் சுட்ட குண்டு. வளையம் வழவழவென்று இருந்தால் சுடவே இல்லை. சுட்டும் வெடிக்காமல் கிடப்பதுதான் இன்னும் ஆபத்து.

நூறு வருஷம் சேற்றில் கிடந்தால் பெயிண்ட் போய்விடும், சரக்கு போகாது. பெல்ஜிய ராணுவத்தின் வெடிகுண்டு நிபுணர்கள் சந்தேகமான குண்டை எக்ஸ்-ரே எடுத்து, உள்ளே திரவம் தளும்புகிறதா என்று பார்க்கிறார்கள். நாம் துருவைச் சுரண்டி நிறம் பார்க்கிற வேலையே வேண்டாம், தள்ளி நின்று போலீசைக் கூப்பிடுவதோடு சரி. 2014-ல் அதே ஈப்ரில், முதல் உலகப் போர்க் குண்டு ஒன்று வெடித்து இரண்டு கட்டுமானத் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இதெல்லாம் ஐரோப்பாவின் தலைவலி என்று நினைக்காதீர்கள். 2004-ல் டெல்லிக்குப் பக்கத்தில் சாஹிபாபாதில் ஓர் உருக்காலை. இறக்குமதியான பழைய இரும்போடு குண்டுகளும் வந்திருந்தன. வெடித்ததில் 10 தொழிலாளர்கள் பலி. கப்பலில் வந்த காகிதங்களில் அது வெறும் பழைய இரும்புதான். அதற்குப் பிறகுதான், உடைத்துத் தூளாக்காத பழைய இரும்பை இறக்குமதி செய்ய, ஏற்றும் துறைமுகத்திலேயே சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. உள்ளே குண்டு, தோட்டா, கண்ணிவெடி எதுவும் இல்லை, பயன்படுத்தியதும் இல்லை, பயன்படுத்தாததும் இல்லை என்று அந்தச் சான்றிதழ் சொல்ல வேண்டும்.